இளநீரைக் கீழே வைக்க இடமில்லை

என் மகன் டேனியலின் முன்பற்கள் இரண்டும் மைதானத்து மண்ணில் கிடந்தன. அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. மேல் உதடு பிளந்து தொங்கியது. புதுச் சட்டையின் நெஞ்சு முழுவதும் ரத்தம். அந்தச் சட்டையைப் போட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கோயமுத்தூர் அணிக்காக அவன் ஆடிய முதல் ஆட்டம் அது.

சபையாருக்கு என் வணக்கம். இந்தப் பல்லின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இளநீரில் போட்டு வைத்த பல்லைக் கர்த்தர் மறுபடியும் ஒட்ட வைத்தார் என்று நம் கூட்டங்களில் மூன்று நான்கு முறை சொல்லிவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் கூச்சம். மீதி பயம். என் இடது கையில் இளநீர் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வலது கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தோப்புகளில் காய் போடுவதும் மட்டை உரிப்பதும் என் வேலை. என்னை எல்லோரும் வாயில்லாப் பூச்சி என்பார்கள். வாய் இல்லைதான். ஆனால் பேச வேண்டிய இடத்தில் என் கை பேசும். குடித்த காலத்தில் என் மனைவி சாந்தியை அடித்திருக்கிறேன். சின்னப் பையனாக இருந்த டேனியலை ஒரு முறை சுவரோடு தள்ளியிருக்கிறேன். இரட்சிக்கப்பட்ட பிறகு குடியை விட்டுவிட்டேன். கோபத்தை விடவில்லை. அதை உள்ளே மடித்து வைத்திருந்தேன். ஜெபத்தில்கூட அதைப்பற்றி நான் கர்த்தரிடம் பேசியதில்லை.

டேனியலுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஹாக்கி பிடித்துப்போனது. அவனைவிட ஒரு வயது மூத்தவன் கார்த்தி. எங்கள் ஊர் அணிக்குக் கேப்டன். தெரு முனையில்தான் அவன் வீடு. அப்பா இல்லாத பிள்ளை, அதனால் என்னையே அப்பா என்பான். பயிற்சி முடிந்தால் இருவரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு கார்த்திக்கு இடது முழங்காலில் பலமாக அடிபட்டது. மூன்று மாதம் தினமும் எண்ணெய் காய்ச்சி அந்த முழங்காலுக்குத் தேய்த்துவிட்டது என் மகன்தான். முட்டி நன்றாகத்தான் ஆனது. ஆனாலும் இடது பக்கம் திரும்பும்போது கண் இமைக்கிற நேரம் தயங்கும். அது அப்போது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் கோயமுத்தூர் பீளமேட்டுப் பக்கம் ஒரு அணியின் கோச்சு எங்கள் ஊருக்கு ஆள் பார்க்க வந்தார். ஒரே ஒருவனை எடுத்தார். அது டேனியல். முட்டியில் அடிபட்டவன் என்று கேட்டதும் கார்த்தியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றோடு கார்த்தி எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. எதிரில் வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவான்.

போன வருடம் பொங்கல் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை போத்தனூரில் ஒரு போட்டி. டேனியலுக்கு முதல் ஆட்டம். யாரோடு யார் என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தால் எதிரணி எங்கள் ஊர்தான்.

சாந்தி நான்கு நாள் உபவாசம் இருந்தாள். நான் வெறுங்கையோடு போகக்கூடாது என்று இருபத்தைந்து இளநீரைச் சாக்கில் கட்டி, வெட்டுவதற்குக் கொடுவாளையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காலை ரயிலில் போத்தனூர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் பையன் ஒரு கோல் போடவேண்டும் என்றே ஜெபித்தேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன்பே எங்கள் ஊர்ப் பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏன் டேனி, கோயமுத்தூர் சிறுவாணித் தண்ணி குடிச்சதும் நம்மூரு அமராவதித் தண்ணி கசந்துபோச்சா?"

"வுடுடா, இனி அவன் நம்மகிட்டப் பேசோணும்னா கோச்சுகிட்டக் கேட்டுத்தான் பேசுவான்."

கார்த்தி மட்டும் ஹாக்கி மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றான்.

புல்தரை இல்லை, மண்தரை. பந்து குதித்துக் குதித்து வந்தது. முதல் கால் மணி நேரம் டேனியலை உட்கார வைத்திருந்தார்கள். இறங்கியவுடன் அவன் நேராகக் கார்த்தியிடம்தான் போனான். வலது பக்கம் போவதுபோல் தோளைக் காட்டி, இடது முழங்கால் பக்கமாக நழுவினான். கார்த்தி திரும்புவதற்குள் தாண்டிவிட்டான். அடுத்த முறையும் அதே. மூன்றாவது முறை தாண்டிப் போனவன் கோலும் போட்டுவிட்டான்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. என்னை மறந்து அல்லேலூயா என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் நின்ற கூட்டம் சொந்தக் கேப்டனையே ஏச ஆரம்பித்தது.

"கார்த்தி, முட்டியத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போடா!"

"சின்னப் பையன் உன்னையக் கோலி குண்டு மாதிரி உருட்டறான், வெக்கமா இல்ல?"

பாதி ஆட்டத்தில் நான் இரண்டு அணிக்கும் இளநீர் வெட்டினேன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கை கூப்பினான். "மன்னிச்சுக்குங்க, துரோகி ஊட்டு எளநி எங்களுக்குச் செரிக்காதுங்க" என்றான். அவ்வளவு மரியாதையாகச் சொன்னான். கார்த்தி என் முகத்தையே பார்க்கவில்லை.

டேனியல் வந்து குடித்தான். கண் மின்னியது. "நாலாவது வாட்டியும் அதே பக்கந்தானுங்ப்பா போவேன்" என்றான். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது.

இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிடம் இருக்கும். அவன் வெளியே வந்ததும் குடிக்கட்டும் என்று கோட்டோரம் உட்கார்ந்து இன்னொரு இளநீரைச் சீவினேன். நிமிர்ந்தபோது டேனியல் பந்தோடு கார்த்தியின் முன்னால் இருந்தான். தோளைக் காட்டினான். இடது பக்கம் நழுவினான். பந்து போய்விட்டது. நன்றாகப் பார்த்தேன், பந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கார்த்தியின் மட்டை மேலே எழுந்தது. இரண்டு கையாலும் விறகு பிளப்பதுபோல் சுற்றி வந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். முற்றிய காய் பாறையில் விழுந்தால் அப்படித்தான் கேட்கும்.

ஓடினேன். இடது கையில் இளநீர், வலது கையில் கொடுவாள். இரண்டையும் கையில் வைத்திருக்கிறேன் என்பதே எனக்கு நினைவில்லை. மகனின் பக்கத்தில் குனிந்தபோதுதான் மண்ணில் பற்களைப் பார்த்தேன். வேரோடு முழுசாக இருந்தன. கொடுவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டையும் பொறுக்கினேன். எங்கே வைப்பது? என் கையெல்லாம் மண். வேட்டியெல்லாம் வேர்வை. இளநீர்த் தண்ணீர் மனுசன் கை படாத தண்ணீர் என்று வெட்டுகிற நாங்கள் சொல்லிக்கொள்வோம். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். பற்களை அதற்குள் போட்டேன். கொடுவாளை மறுபடி கையில் எடுத்தேன்.

அதற்குள் சண்டை பற்றிக்கொண்டது. டேனியலின் புது அணிப் பையன்கள் கார்த்தியின் மேல் பாய்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் அவர்கள் மேல் பாய்ந்தார்கள். மட்டையும் மட்டையும் மோதின. பிறகு மட்டையும் எலும்பும். ஒருவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான், அவன் மேல் இரண்டு பேர் ஏறி மிதித்தார்கள். கூட்டத்தில் இருந்து பெரிய ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். அது யாரோ ஒருவனின் காதைக் கிழித்தது. விசில் அடித்துக்கொண்டு வந்த நடுவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். கோல் காக்கிற பையன் கால் கவசத்தோடு ஒருவனின் வயிற்றில் உதைத்தான். மண் எழும்பியது. வாயில் மண், மூக்கில் மண், அதோடு ரத்த வாடை.

நான் ஒருவனை மட்டும்தான் தேடினேன்.

அப்போது நான் செய்த ஜெபத்தை மறைக்காமல் எழுதுகிறேன். "கர்த்தாவே, அவனை என் கையில் கொடும்." இவ்வளவுதான். வாய்விட்டுக் கேட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஊக்கமாக நான் எதையும் கேட்டதில்லை. எங்கே வெட்டுவது என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது. கழுத்தும் தோளும் சேருகிற இடம். தென்னம்பாளை சீவுகிற அதே வாகு.

வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு யோசிக்கிறேன். ஒரு தாயின் ஒரே பிள்ளை போயிருப்பான். நான் ஜெயிலில் இருந்திருப்பேன். கொலைகாரனின் மகனை எந்த அணி எடுக்கும்? அப்போது இதில் ஒன்றுகூட என் மண்டையில் இல்லை.

டேனியல் என் காலையும் வேட்டியையும் சேர்த்துப் பிடித்தான். "ப்பா... வேணாங்ப்பா..." என்றான். பல் இல்லாத வாயில் அது காற்றாகத்தான் வந்தது. நான் காலை உதறினேன். பெற்ற மகனின் கையை உதறினேன்.

சரியாக வீச வேண்டுமானால் எனக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் இளநீரைக் கீழே வைத்தேன். வாய் சீவிய இளநீர் தானாக நிற்காது, அடி கூம்பி இருக்கும். முப்பது வருடமாக வெட்டுகிறவனுக்கு இது தெரியாதா? ஆனாலும் வைத்தேன். சாய்ந்தது. தண்ணீர் வழிந்தது, ஒரு பல் விளிம்புக்கு வந்துவிட்டது. தாவிப் பிடித்தேன். காலால் மண்ணைக் குவித்து அதில் வைத்தேன். அங்கேயும் சாய்ந்தது. அடியைச் சீவினால் நிற்கும், ஆனால் சீவுவதற்குச் சாய்க்க வேண்டும். பெஞ்சில் வைக்கலாம் என்று பார்த்தால் பெஞ்சையே இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரு இளநீரை வைக்க இடமில்லை. கோபத்தில் அழுதேன்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவன் தள்ளாடி வெளியே வந்தான். கையில் மட்டை இல்லை. சட்டை கிழிந்து, நெற்றியில் இருந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. கார்த்தி. நேராக என்னிடம் வந்தான். என் வலது கையைப் பார்த்தான். பார்த்துவிட்டும் வந்தான்.

இரண்டு கையையும் நீட்டினான்.

"குடுங்கப்பா. நான் புடிச்சுக்கறனுங்."

நான் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. வருடக்கணக்காக என் வீட்டுச் சமையலறையில் அந்தக் கையில் எத்தனை சொம்பு, எத்தனை தட்டு கொடுத்திருப்பேன். கை பழக்கத்தில் கொடுத்துவிட்டது.

இப்போது வீசுவதற்கு என் இரண்டு கையும் இருந்தன. அவன் கை இரண்டும் அடைபட்டிருந்தன. ஓட முடியாது, தடுக்க முடியாது. நான் கேட்டபடியே கர்த்தர் அவனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் கொடுவாளை ஓங்கினேன். ஆம், ஓங்கினேன்.

அப்போது அவன் கழுத்தைத் திருப்பினான். எனக்குப் பயந்து என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் நெற்றி ரத்தம் தாடை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அது இளநீருக்குள் விழக்கூடாது என்று முகத்தைத் தோள்பக்கம் ஒதுக்கிக்கொண்டான். வெட்டுவதற்கு வாகாக முழுக் கழுத்தும் என் முன்னால் இருந்தது. அவன் கண் மட்டும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் கை மேலேயே நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. கை வெறுமனே நின்றது. பிறகு இறங்கியது.

அவனுக்குப் பின்னால் புது அணிப் பையன்கள் மூன்று பேர் மட்டையோடு ஓடி வந்தார்கள். நான் இடையில் போய் நின்று கத்தினேன். நான் இப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"பல்லு கொட்டீரும்டா! தள்ளி நில்லுங்கடா! எம்பையன் பல்லு அதுல இருக்குது!"

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் நின்றார்கள். "என்னது, பல்லா?" என்று ஒருவன் கேட்டான். கையில் ஓங்கிய மட்டையோடு எட்டி இளநீருக்குள் பார்த்தான். அவனைப் பார்த்து இன்னொருவனும் பார்த்தான். கோச்சு அதற்குள் ஓடி வந்து மட்டைகளைப் பிடுங்கினார். நான் தோளில் கிடந்த துண்டைக் கொடுவாளால் இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியை டேனியலின் வாயில் அழுத்தினேன். மறு பாதியைக் கார்த்தியின் தலையில் கட்டினேன். கட்டும்போது அவன் ஆடாமல் அசையாமல் நின்றான்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, மண்டை ஒடஞ்சவரு எளநியப் புடிச்சுட்டு வாராரு. முதல்ல அவரைக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

"இது குடிக்கறதில்லைங்க. பல்லு" என்றான் கார்த்தி.

அதற்குப் பிறகு அவர் வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார்.

பல் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. பற்களை எடுத்துப் பார்த்தார். "இளநீர்ல போடச் சொல்லி யாருங்க சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். காய்ந்திருந்தால் வேர் செத்துப்போயிருக்கும், பாலிலோ இளநீரிலோ வைத்தால் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும் என்றார். "முயற்சி பண்றேன். கேரண்டி கிடையாதுங்க" என்றார்.

கதவுக்கு வெளியே நானும் கார்த்தியும் உட்கார்ந்திருந்தோம். அவன் தலையில் பக்கத்து ஆஸ்பத்திரியில் போட்ட ஆறு தையல். அவன்தான் முதலில் பேசினான்.

"பந்து போனது எனக்குத் தெரியுங்கப்பா. தெரிஞ்சுதான் வீசுனேன்."

நான் வேட்டியில் காய்ந்திருந்த ரத்தத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நாலு வாட்டியும் எம்பட முட்டியப் பாத்தே ஆடுனானுங்க. அவன் தேச்சுவுட்ட முட்டிங்க அது."

அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமைப்பட்டவன் நான். தலை குனிந்தேன். பிறகு என்னுடையதையும் சொன்னேன்.

"நானும் உன்னைய வெட்டத்தான் வந்தேன் கண்ணு."

"தெரியுங்க. கொடுவாளைப் பாத்தனுங்."

"பாத்துப்போட்டா பக்கத்துல வந்தே?"

"எளநி சாஞ்சுட்டு இருந்துச்சுங்களேப்பா" என்றான். வேறு என்ன செய்வது என்பதுபோல.

டாக்டரம்மா கம்பி போட்டுக் கட்டினார். மூன்று வாரம் கஞ்சி. பிறகு ஒரு பல் ஊன்றிக்கொண்டது. இன்னொன்று நான்கு மாதம் ஆடிக்கொண்டே இருந்து, ஒரு நாள் பல் விளக்கும்போது கையோடு வந்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது கட்டின பல். ஆகவே இரண்டு பல்லும் ஒட்டியது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். ஒரு பல்தான். அதற்கே நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

போலீஸில் சொல்ல வேண்டாம் என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே டேனியல் எழுதிக் காட்டினான். அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் கார்த்திக்கும் எழுதினான். "முட்டி விசயத்துல நான் செஞ்சது தப்பு." கார்த்தி அதைப் படித்துவிட்டு வெளியே போய் அழுதான். போட்டி நடத்தியவர்கள் கார்த்தியை ஒரு வருடம் ஆடக்கூடாது என்று விலக்கினார்கள். அது சரிதான் என்று அவனே சொன்னான்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடுவாள் ஓங்கியதையும் சொன்னேன். அவள் என் வலது கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்தக் கைக்குப் பயந்துட்டே பதினெட்டு வருசம் இருந்தேனுங்க" என்றாள். இதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. அன்றைக்கு அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். என் சாட்சியில் பெரிய அற்புதம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இப்போது கோபம் வந்தால் வந்தது என்று அவளிடம் வாயால் சொல்லிவிடுகிறேன். சில நாள் அவள் சிரிக்கிறாள். சில நாள் திட்டுகிறாள். கை அதன் வேலையைப் பார்க்கிறது.

சகோதர சகோதரிகளே, உங்களிலும் யாராவது ஒருவர் மேல் தீராத கோபத்தோடு ஜெபித்துக்கொண்டிருக்கலாம். நல்ல வார்த்தை வரவில்லை என்று ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடியே கர்த்தரிடம் கேளுங்கள். நான் கேட்டது கெட்ட ஜெபம். அவர் காதை மூடிக்கொள்ளவில்லை. நான் கேட்ட அவனையே என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அவன் முகத்தை எனக்குக் காட்டினார். அவரை நம்பலாம். என்னைப்போல ஒருவனையே அவர் கைவிடவில்லை.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். கார்த்தியின் விலக்கு இந்த மாதத்தோடு முடிகிறது. வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் மறுபடியும் எங்கள் ஊர் அணிக்கு இறங்குகிறான். அவன் நம் சபைப் பிள்ளை இல்லை, ஆனாலும் அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். கூட்டம் ஏசினால் அவன் தாங்கிக்கொள்ள வேண்டும். அந்த முழங்காலும் தாங்க வேண்டும். எதிரணியில் நிற்கப்போவது என் மகன்தான். நேற்று இரவு போனில் பேசும்போது, இந்த முறை கார்த்தியின் வலது முழங்கால் பக்கமாகப் போய்த்தான் அவனைத் தாண்டப்போகிறேன் என்றான். முடியுமா என்று கேட்டேன். "கஷ்டந்தானுங்ப்பா, அந்தப் பக்கம் அவனை யாரும் தாண்டுனதில்ல" என்றான்.